பிரேக் இல்லாத வண்டியில் 23 ஆண்டுகள்

ஸ்பீட்வே பந்தயத்தில் ஓர் ஓட்டம் தொடங்கி முடிய ஒரு நிமிடம்தான் ஆகும். மண் பரப்பிய முட்டை வடிவப் பாதையில் நான்கு பேர் நான்கு சுற்று ஓட்டுவார்கள். வண்டியில் பிரேக் கிடையாது, கியர் ஒன்றே ஒன்று. எல்லாரும் இடது பக்கமாகவே திரும்புவார்கள், ஒவ்வொரு வளைவிலும் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியாக வருபவருக்கு ஒன்றும் இல்லை. விதி இவ்வளவுதான். இந்த ஒரு நிமிடத்தைத் தொழிலாக வைத்துக்கொண்டு டென்மார்க்கின் ஹான்ஸ் நீல்சன் 1977 முதல் 1999 வரை ஓட்டினார். தனிநபர், இருவர், அணி என மூன்று வகையிலும் சேர்த்து 22 உலகப் பட்டங்களை வென்றார். அவற்றில் நான்கு தனிநபர் பட்டங்கள்.

ஒரு நிமிடம் எப்படி 23 ஆண்டுத் தொழிலாகிறது? படிப்படியாகப் பார்க்கலாம். மோட்டார் சைக்கிளைத் தொட்டே பழக்கமில்லாதவர்களுக்கும் இது புரியும். ஏனென்றால் இதே போல நடக்கும் ஒரு தொழில் நமக்கு நன்றாகத் தெரியும்: கல்யாணச் சமையல்.

கல்யாணச் சமையல் மாஸ்டர் யாரிடமும் மாதச் சம்பளம் வாங்குவதில்லை. சொந்த அண்டா, சொந்தக் கரண்டி, சொந்தக் கையாட்கள் என்று எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போகிறார். அந்த ஊர்த் தண்ணீர் எப்படி, அந்த மண்டபத்து அடுப்பு எப்படி என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். கூலி இலைக்கு இவ்வளவு. ஸ்பீட்வே வீரரும் இப்படித்தான். வண்டி அவருடையது, மெக்கானிக்குகளுக்குச் சம்பளம் கொடுப்பவர் அவர், வேனுக்கு டீசல் போடுபவரும் அவர். கூலி புள்ளிக்கு இவ்வளவு. ஆகவே அவருடைய தொழிலை ஒரு சமையற்கட்டைச் சுற்றிப் பார்ப்பது போல அடுப்பிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

முதலில் அடுப்பு, அதாவது வண்டி. ஒரே சிலிண்டர், 500 சிசி எஞ்சின். இன்றைய விதிப்படி வண்டியின் எடை 77 கிலோவுக்குக் குறையக் கூடாது. நம் ஊரில் ஓடும் 100 சிசி வண்டியே பெரும்பாலும் 110 கிலோவைத் தாண்டும், அதன் சக்தி எட்டு குதிரைத் திறன் அளவு. அதைவிட எடை குறைந்த இந்த வண்டிக்கு 70 குதிரைத் திறனுக்கு மேல் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட மூன்று விநாடி போதும்.

எரிபொருள் பெட்ரோல் அல்ல, மெத்தனால். விறகு மாறினால் அடுப்பே மாறுகிற மாதிரி, இங்கும் எரிபொருள்தான் எஞ்சினின் குணத்தைத் தீர்மானிக்கிறது. மெத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் எஞ்சினுக்குள் போகும் கலவை குளிர்ந்தே போகிறது. குளிர்ந்த கலவையை, தானாகத் தீப்பற்றிவிடுமோ என்ற பயமின்றி, இன்னும் இறுக்கி அழுத்தலாம். இறுக்க இறுக்க வெடிப்பின் வலு கூடும். விலை என்னவென்றால், அதே காற்றுக்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் மெத்தனால் ஊற்ற வேண்டும். ஓட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுவதால் சின்ன டாங்கே போதுமானதாக இருக்கிறது.

பிரேக் ஏன் இல்லை? நான்கு பேர் தோளோடு தோள் உரச ஓடும்போது முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவருக்கு ஒதுங்க இடமில்லை. யாரிடமும் பிரேக் இல்லையென்றால் யாரும் திடீரென்று நிற்க முடியாது. அதனால் இல்லாததே பாதுகாப்பு. வேகத்தைக் குறைக்க வண்டியைக் குறுக்கே சரிப்பதும் ஆக்சிலேட்டரைத் தளர்த்துவதும்தான் வழி. விழுந்துவிட்டால் எஞ்சினை நிறுத்த ஓட்டுபவரின் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கும். கை விலகினால் கயிறு இழுபட்டு எஞ்சின் அணைந்துவிடும்.

அடுத்து தொடக்கம். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நீல்சனின் தொழில் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமானது.

பாதைக்குக் குறுக்கே இடுப்புயரத்தில் நாடாக்கள் இழுத்துக் கட்டியிருக்கும். நான்கு பேரும் முன்சக்கரம் நாடாவைத் தொடாமல், ஆனால் தொட்டுவிடும் தூரத்தில் வந்து நிற்பார்கள். நிற்பதற்கு முன் ஒவ்வொருவரும் குனிந்து தரையைப் பார்ப்பார்கள். பின்சக்கரம் நிற்கப் போகும் இடத்தில் உதிரி மண்ணைப் பூட்ஸால் ஒதுக்கி, அடியிலுள்ள கெட்டித் தரையைத் தேடுவார்கள். சிலர் கொஞ்சம் மண்ணை இழுத்து வந்து மிதித்து அழுத்துவார்கள். அரை அடி நீளமுள்ள அந்த இடத்தில் டயர் கடித்துப் பிடிக்குமா, சுழன்று வீணாகுமா என்பதுதான் கேள்வி. பிறகு பச்சை விளக்கு. இடக்கையில் கிளட்ச், வலக்கையில் ஆக்சிலேட்டர், உடம்பு முழுவதும் முன்னால் சாய்ந்து கைப்பிடிக்கு மேல். எஞ்சின் அலறிக்கொண்டிருக்கும், வண்டி நகராது. நாடா மேலே பறந்ததும் கிளட்சை விட வேண்டும். முன்னாலேயே விட்டு நாடாவைத் தொட்டால் வெளியேற்றம். நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தால் மூன்று பேர் முன்னால் போய்விடுவார்கள்.

முழுவதையும் ஒரே வீச்சில் விட்டால் முன்சக்கரம் எழும்பிவிடும், அல்லது பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். தயங்கி விட்டால் வேகம் வராது. ஜாங்கிரி பிழிகிறவரின் கையைப் பார்த்திருப்பீர்கள். துணியை அழுத்தும் விரல்கள் மாவின் பதத்தைக் கேட்டுக்கொண்டே அழுத்துகின்றன. கிளட்ச் லீவரில் இரண்டு விரல்கள் செய்வதும் அதே வேலைதான். இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, கை பழக வேண்டும்.

முதல் வளைவுக்கு முதலில் போகிறவருக்கு என்ன லாபம்? எல்லா லாபமும். அவருக்கு முன்னால் தெளிவான காற்று. பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் போகும் வண்டிகளின் பின்சக்கரங்கள் வாரி இறைக்கும் மண். முகக் கண்ணாடியின் மேல் உரித்தெடுக்கும் மெல்லிய படலங்கள் ஒட்டியிருக்கும். ஓட்டும்போதே ஒரு கையை எடுத்து அழுக்குப் படலத்தை உரித்து எறிவார்கள். ஒரு நிமிடப் பந்தயத்தில் அந்த ஒரு கை இல்லாத அரை நொடியும் நஷ்டம்தான். நீல்சன் தொடக்கத்தில் பேர்பெற்றவர். அவரை முந்துவது எப்படி என்று எதிரணிகள் யோசித்ததைவிட, அவரை முதலில் போகவிடாமல் எப்படித் தடுப்பது என்று யோசித்ததே அதிகம்.

இப்போது வளைவு. மணிக்கு 100 கிலோமீட்டருக்குக் கிட்ட வருகிற வண்டி, பிரேக் இல்லாமல் எப்படித் திரும்புகிறது?

ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழவியைச் சுற்றுகிற கை குழவி போகிற திசையிலேயே தள்ளுவதில்லை. ஒவ்வொரு கணமும் கொஞ்சம் உள்பக்கமாகத் தள்ளுகிறது. அந்த உள்தள்ளல் இருப்பதால்தான் குழவி வட்டமாகப் போகிறது. ஸ்பீட்வே வீரர் வளைவுக்குள் நுழையும்போது வண்டியை இடப்பக்கம் சாய்த்துப் பின்சக்கரத்தை வழுக்க விடுகிறார். வண்டியின் வால் வெளிப்பக்கம் போகிறது, மூக்கு உள்பக்கம் பார்க்கிறது. அதாவது வண்டி போகிற திசை ஒன்று, அது பார்க்கிற திசை வேறு. பின்சக்கரம் தள்ளுவது வண்டி பார்க்கிற திசையில். அதனால் எஞ்சினின் வலுவில் ஒரு பங்கு வண்டியை வளைவின் உள்பக்கம் தள்ளுகிறது. முன்சக்கரத்தை அவர் வலது பக்கம் திருப்பி வைத்திருக்கிறார், இல்லாவிட்டால் வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். இடது காலில் இரும்புத் தகடு போட்ட காலணி. அது தரையில் வழுக்கிக்கொண்டே வந்து சமநிலை காக்கிறது.

இங்கேதான் பயம் எதிரியாகிறது. வேகம் கூடிவிட்டது என்று பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடினால் பின்சக்கரம் திடீரென்று பிடித்துக்கொள்ளும். உள்தள்ளல் நின்றுபோகும், வண்டி நிமிர்ந்து நேராக வேலியைப் பார்த்து ஓடும். திறந்தே வைத்திருப்பதுதான் திரும்பும் வழி. டென்மார்க்கில் சிறுவர்கள் சின்ன எஞ்சின் வண்டிகளில் இந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். பயம் உடம்பில் ஊறுவதற்கு முன் கை பழகிவிடுகிறது.

ஆட்டுக்கல் இன்னொன்றையும் விளக்கும். அரைக்க அரைக்க மாவு ஓரத்துக்கு ஒதுங்கும். மறு கையால் தள்ளித் தள்ளி உள்ளே விட வேண்டும். பந்தயப் பாதையிலும் ஒவ்வொரு ஓட்டத்திலும் நான்கு பின்சக்கரங்கள் மண்ணை வெளிப்பக்கம் வாரி எறிகின்றன. அதனால் மாலை தொடங்கும்போது உள்கோடு நல்ல பாதையாக இருக்கும். போகப் போக அங்கே வெறும் கெட்டித் தரை மிஞ்சும், பிடிப்பு வெளிவேலிக்கு அருகில் போய்ச் சேரும். சில ஓட்டங்களுக்கு ஒருமுறை டிராக்டர் வந்து மண்ணை உள்ளே இழுத்துவிடும், தண்ணீர் வண்டி நனைத்துவிட்டுப் போகும். உடனே எல்லாக் கணக்கும் மாறிவிடும். அரை மணி நேரத்துக்கு முன் வென்ற வண்டியும் வென்ற வழியும் இப்போது செல்லாது.

ஆகவே ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நடுவே செட்டிங் மாற்ற வேண்டும். கியர் ஒன்றுதான் என்பதால் பின்சக்கரத்தின் ஸ்பிராக்கெட்டையே கழற்றி, பல் ஒன்று கூடவோ குறையவோ உள்ள வேறொன்றைப் போடுவார்கள். டயரில் காற்றைக் கூட்டிக் குறைப்பார்கள், எரிபொருள் போகும் துளையின் அளவை மாற்றுவார்கள். புது மண்டபத்துத் தண்ணீரில் பருப்பு எப்படி வேகிறது என்று பார்த்து உப்பையும் தீயையும் திருத்துகிற மாஸ்டரின் வேலை இது. நீல்சனை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது இந்தக் கவனம். எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடாத ஆள் அவர். போலந்து ரசிகர்கள் பின்னாளில் அவருக்கு வைத்த பெயர் ‘ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர்’. வீரத்தைவிடக் கணக்கைப் பாராட்டிய பெயர் அது. அவருக்குப் பொருத்தமான பெயர் என்றே நான் நினைக்கிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு எங்கிருந்து வந்தது? அதற்குத் தொழிலின் அடுத்த படிக்குப் போக வேண்டும்: வேலை எங்கே கிடைக்கும்?

டென்மார்க் சின்ன நாடு. அங்கே ஓட்டிப் பிழைக்க முடியாது. 1960களிலும் 70களிலும் ஸ்பீட்வேயில் காசு இருந்த இடம் இங்கிலாந்து. அங்கே ஊருக்கு ஓர் அணி, வாரத்துக்குப் பல போட்டிகள். இந்தக் கதவை டென்மார்க்குக்குத் திறந்துவிட்டவர் ஓலே ஓல்சன். ஹாடர்ஸ்லெவ் ஊரில் 1946இல் பிறந்த அவர் 1967இல் இங்கிலாந்தின் நியூகாசில் அணிக்குப் போனார். 1971இல் ஸ்வீடனின் கோதன்பர்கில் டென்மார்க்கின் முதல் உலக சாம்பியனானார். 1975, 1978 ஆண்டுகளில் லண்டன் வெம்ப்ளியில் மறுபடியும் வென்றார். வென்ற காசில் வோயன்ஸ் என்ற ஊரில் ஒரு பந்தயப் பாதையையே கட்டினார். ஒரு மாஸ்டர் பேர் வாங்கினால் அதே ஊரிலிருந்து கரண்டி பிடித்த பையன்கள் பின்னாலேயே வருவார்கள் அல்லவா? ஓல்சனுக்குப் பின்னால் ஒரு தலைமுறையே வந்தது.

நீல்சன் அவர்களில் ஒருவர். வடக்கு டென்மார்க்கின் பிரோவ்ஸ்டில் 1959 டிசம்பர் 26 அன்று பிறந்தவர். 1977இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் அணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, 18 வயதில், ஓல்சனோடு சேர்ந்து டென்மார்க்கின் முதல் உலக அணிப் பட்டத்தில் பங்கெடுத்தார். 1981இல் பர்மிங்காம் அணி. 1984இல் ஆக்ஸ்ஃபோர்டு அணி அவரை 30,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. அன்றைக்கு அது சாதனைத் தொகை.

கொடுத்த காசுக்கு என்ன வந்தது? அங்கே வீரர்களை அளக்கும் அளவுகோல் சராசரி. நான்கு ஓட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று கணக்கிடுவார்கள். நான்கிலும் வென்றால் 12, அதற்கு மேல் இல்லை. நீல்சனின் சராசரி ஆக்ஸ்ஃபோர்டில் பல பருவங்களில் 11-ஐத் தாண்டியது. நான்கு முறை நாடாவில் நின்றால் மூன்று முறை வெற்றி, ஒரு முறை இரண்டாமிடம். அதைவிடக் குறையாமல் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை, மழையிலும் வெயிலிலும், சொந்த ஊரிலும் எதிரி ஊரிலும். ஆக்ஸ்ஃபோர்டு 1985, 1986, 1989 ஆண்டுகளில் லீக் பட்டம் வென்றது.

இதுவரை பார்த்தது தினப்படி வியாபாரம். பேர் வாங்கித் தருவது உலகப் பட்டம். அது அன்றைக்கு எப்படி இயங்கியது என்று பார்த்தால்தான் நீல்சனின் கதை புரியும்.

1994 வரை தனிநபர் உலக சாம்பியனை ஒரே இரவில் தீர்மானித்தார்கள், சில ஆண்டுகள் தவிர. முதலில் உள்நாட்டுத் தகுதிப் போட்டி, பிறகு நார்டிக் நாடுகளுக்கான போட்டி, பிறகு கண்டங்களுக்கிடையேயான போட்டி. எல்லாவற்றையும் தாண்டி 16 பேர் இறுதிக்கு வருவார்கள். மொத்தம் 20 ஓட்டங்கள், ஆளுக்கு ஐந்து. ஒவ்வோர் ஓட்டத்திலும் மூன்று எதிரிகள். ஐந்து மூன்று பதினைந்து. ஆகவே ஒவ்வொருவரும் மற்ற பதினைந்து பேரையும் ஒரே ஒருமுறை சந்திப்பார்கள். அழகான கணக்கு. ஆனால் கொடுமையான கணக்கும்கூட. ஐந்தில் ஒரு முறை செயின் அறுந்தால், ஒரு முறை கிளட்ச் நழுவினால், அந்த ஆண்டே போயிற்று. இரண்டு பேர் சம புள்ளியில் முடித்தால் கூடுதலாக ஓர் ஓட்டம் வைப்பார்கள். உலகப் பட்டமே அந்த ஒரு நிமிடத்தில் போய் நிற்கும்.

நீல்சனின் எதிரி பெரும்பாலும் அவருடைய நாட்டுக்காரரே. எஸ்பியர்க் நகரில் 1959 அக்டோபரில், நீல்சனைவிட மூன்று மாதத்துக்குள் மூத்தவராகப் பிறந்த எரிக் குண்டர்சன். உயரம் குறைந்தவர், பின்னால் விழுந்தாலும் துரத்தி முந்துகிறவர். 1984 முதல் 1989 வரை ஆறு ஆண்டுகளில் உலகப் பட்டம் இந்த இருவரைத் தாண்டி வெளியே போகவில்லை, ஆளுக்கு மூன்று.

1984இல் கோதன்பர்கில் குண்டர்சன் முதலிடம், நீல்சன் இரண்டாமிடம். 1985இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் குண்டர்சன், நீல்சன், அமெரிக்காவின் சாம் எர்மோலெங்கோ மூவரும் 13 புள்ளியில் முடித்தார்கள். கூடுதல் ஓட்டம். குண்டர்சன் வென்றார், நீல்சன் இரண்டாமிடம். 1986இல் போலந்தின் சைலீசியன் ஸ்டேடியத்தில் நீல்சனுக்குக் கூடுதல் ஓட்டம் தேவைப்படவில்லை. 13 புள்ளிகளோடு முதல் பட்டத்தை வென்றார். 1987இல் ஆம்ஸ்டர்டாமில் இறுதியை இரண்டு நாள் நடத்தினார்கள். ஓட்டங்கள் இரட்டிப்பானதும் நீல்சன் 27 புள்ளிகளுடன் தெளிவாக முன்னால் நின்றார். 1988இல் ஓல்சன் கட்டிய வோயன்ஸ் பாதையில், சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில், இருவரும் 14 புள்ளி. மறுபடியும் கூடுதல் ஓட்டம், மறுபடியும் குண்டர்சன். மூன்றாமிடத்தில் யான் ஓ. பெடர்சன் நின்றதால் மேடையில் இருந்த மூவருமே டேனிஷ்காரர்கள். 1989இல் மியூனிக்கில் நீல்சன் ஐந்தில் ஐந்தும் வென்று 15 புள்ளி எடுத்தார்.

இந்த வரிசையில் ஒரு போக்கு தெரிகிறது. ஓட்டங்கள் பல என்றால் நீல்சன், ஒரே ஓர் ஓட்டம் என்றால் குண்டர்சன். கல்யாணச் சமையலில் ஒரு தட்டு அற்புதமாகச் செய்பவர்கள் உண்டு. முதல் பந்தியின் முதல் இலைக்கும் கடைசிப் பந்தியின் கடைசி இலைக்கும் ரசம் ஒரே மாதிரி இருக்கச் செய்பவர்கள் வேறு ஜாதி. நீல்சன் இந்த இரண்டாவது வகை. அவரைக் குண்டர்சனுக்குக் கீழே வைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இருவரும் வேறுவேறு வேலையில் வல்லவர்கள். அன்றைய இறுதிப் போட்டியின் அமைப்பு ஒருவருக்குக் கொஞ்சம் அதிகம் சாதகமாக இருந்தது.

மியூனிக் வெற்றி நடந்த அதே மாதம், 1989 செப்டம்பர் 17, பிராட்ஃபோர்டில் உலக அணிப் போட்டியின் இறுதி. முதல் ஓட்டத்திலேயே பெரிய விபத்து. குண்டர்சனின் தலையிலும் கழுத்திலும் கடுமையான அடி. உயிர் பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. பிழைத்தார், மறுபடியும் நடக்கக் கற்றுக்கொண்டார், பின்னாளில் டென்மார்க் அணியின் மேலாளராகவும் இருந்தார். ஆனால் பந்தயத்துக்குத் திரும்பவே இல்லை. 29 வயதில் அவருடைய தொழில் முடிந்துபோயிற்று. 1991இல் சாம்பியனான யான் ஓ. பெடர்சனின் தொழிலும் அடுத்த ஆண்டு காயத்தால் முடிந்தது. இன்று பெரிய பாதைகளின் வளைவுகளில் காற்றடைத்த தடுப்புகள் இருக்கின்றன. அன்று பலகையும் கம்பி வலையும்தான். இந்தத் தொழில் எப்படி இயங்குகிறது என்று சொல்லும்போது இதையும் சொல்லாமல் விடக் கூடாது. நாடா முன் நிற்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரியும், தெரிந்தே நிற்கிறார்கள்.

நீல்சன் தொடர்ந்து ஓட்டினார். 1990இல் போலந்து தன் லீக்கை வெளிநாட்டவர்களுக்குத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே அரங்குகள் நிரம்பி வழியும். அப்போதைய உலக சாம்பியனாகவே நீல்சன் லூப்ளின் அணிக்குப் போனார். பெரிய பேர் எதுவும் இல்லாத அந்த அணி அடுத்த ஆண்டு லீக்கில் இரண்டாமிடத்துக்கு வந்தது. இங்கிருந்துதான் இன்றைய வீரர்களின் வாழ்க்கை முறை உருவாயிற்று: வாரத்தில் ஒருநாள் இங்கிலாந்து, ஒருநாள் ஸ்வீடன், ஒருநாள் டென்மார்க், ஞாயிறு போலந்து. ஒரே முகூர்த்த மாதத்தில் நாலு ஊரில் பந்தல் பிடித்த மாஸ்டர் ஒவ்வோர் ஊரிலும் ஒரு செட் பாத்திரம் போட்டு வைப்பார் அல்லவா? அதைப்போல வீரர்கள் ஒவ்வொரு நாட்டிலும் வண்டிகளையும் மெக்கானிக்கையும் வைத்துக்கொண்டு, தாங்கள் மட்டும் விமானத்தில் பறக்கிறார்கள்.

1993இல் நீல்சன் மறுபடியும் உலக இரண்டாமிடம். 1994இல், ஒரே இரவில் நடந்த கடைசி இறுதிப் போட்டி. இடம் மறுபடியும் வோயன்ஸ். மூன்று பேர் 12 புள்ளியில் சமம், மறுபடியும் கூடுதல் ஓட்டம். ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன் வென்றார், நீல்சன் இரண்டாமிடம். 1985, 1988, 1994 என மூன்று பட்டங்கள் மூன்று தனித்தனி நிமிடங்களில் கைநழுவிப் போயின.

அடுத்த ஆண்டு அமைப்பே மாறியது. ஒரே இரவு வேண்டாம், ஒரு பருவம் முழுக்க நடக்கட்டும் என்று 1995இல் கிராண்ட் பிரீ தொடரைத் தொடங்கினார்கள். போலந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி, ஸ்வீடன், டென்மார்க், பிரிட்டன் என ஆறு நாடுகளில் ஆறு சுற்றுகள். எல்லாவற்றின் புள்ளிகளும் கூட்டப்படும். ஒரு நாள் செயின் அறுந்தாலும் அடுத்த நாட்டில் ஈடுகட்டலாம். மாறாக, ஒரு நாள் அற்புதமாக ஓட்டிவிட்டு மற்ற நாள் சொதப்பினால் பயனில்லை. ஆறு நாட்டு மண், ஆறு விதமான வளைவு, ஆறு முறை செட்டிங். கடைசி இலை வரை ரசம் ஒரே மாதிரி இருக்க வேண்டிய விருந்து இது. 35 வயது நீல்சன் அந்த முதல் தொடரை வென்று நான்காவது முறையாக உலக சாம்பியனானார். அவருடைய நான்கு பட்டங்களில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது இதுதான். 17 வயதிலிருந்து அவர் சேர்த்து வைத்த பழக்கங்களுக்குச் சரியான அளவுகோல் கடைசியில்தான் கிடைத்தது. 1996இலும் அவர் அமெரிக்காவின் பில்லி ஹாமிலுக்கு மிக நெருக்கமாக இரண்டாமிடம் வந்தார்.

1997இல் டென்மார்க் உலக அணிப் பட்டத்தை வென்றபோது அது அணிப் போட்டியில் நீல்சனின் பதினோராவது தங்கம். அந்தப் போட்டி நடந்த போலந்தின் பிவா நகரம்தான் அப்போது அவருடைய லீக் ஊர். 1999இல் பிவா அணி போலந்து லீக் பட்டத்தை முதல்முறையாக வென்றது, 39 வயது நீல்சன் அந்தப் பருவத்தோடு ஓய்வு பெற்றார். பின்னாளில் அவரும் டென்மார்க் தேசிய அணியின் மேலாளரானார். எந்த ஓட்டத்துக்கு யாரை அனுப்புவது, எந்தப் பையனை எந்தத் தொடக்க இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்யும் வேலை. டென்மார்க்குக்கு அடுத்த தனிநபர் சாம்பியன் 2003இல் கிடைத்தார். நிக்கி பெடர்சன் என்ற அவர், ஓட்டும் விதத்தில் நீல்சனுக்கு நேர் எதிர். உரசி இடித்து வழி எடுப்பவர். அவர் மூன்று முறை சாம்பியனானார், மூன்றும் பருவம் முழுக்க நடக்கும் அந்தத் தொடரில்தான்.